காப்பார் வண்டியும் தம்பையாவின் பட்டியும்

தண்ணீர் சொட்டுகிற இடத்திற்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுகிறவனை நான் பட்டறைக்காரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் நல்லவனாக இருக்கலாம், கோயில் குளம் என்று போகிறவனாக இருக்கலாம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கலாம். ஆனால் மழை நாளில் ஒரு வண்டியை நம்பி அவனிடம் விட முடியாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் என் பழைய பட்டறையிலிருந்து இரண்டு பேர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார்கள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது மோட்டார் வண்டி பாடி வேலையை அவர்கள்தான் பார்க்கிறார்கள். காப்பி குடித்துக்கொண்டே ஒருவன் சொன்னான்: "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் இரும்புக் கூரைண்ணே. ஒழுகுற பேச்சே கிடையாது."

மற்றவன் வந்த காரியத்தைச் சொன்னான். "அந்தக் காப்பார் தோட்டத்து வண்டி விஷயத்தை எழுதிக் குடுங்கண்ணே. தம்பையா முறைன்னு தலைப்புப் போட்டு பட்டறைச் சுவத்துல மாட்டப் போறோம். கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான்லா."

எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதியிருக்கிறேன். படித்த பிறகு மாட்டுவதும் மாட்டாததும் அவர்கள் பாடு.

முதலில் அந்த இரும்புக் கூரையைப் பற்றி. கூரை இரும்பாகிவிட்டால் கண்ணாடி ஓரமும் கதவு ஓரமும் தரைப்பலகையும் காற்றுத் துவாரமும் வெட்கப்பட்டுத் தங்களை மூடிக்கொண்டுவிடுமா? ஒழுகாத வண்டி ஒன்றை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அதற்கு இன்னும் மழை படவில்லை.

நான் தொழில் கற்ற கதை நீளமானதல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த மாமாவோடு கப்பலேறி வந்தேன். குதிரை வண்டி கட்டும் பட்டறையில் சீனத் தச்சர்களுக்குப் பலகை பிடித்தேன், பிறகு பலகை இழைத்தேன், பிறகு தோலும் கான்வாசும் தைத்தேன். குதிரைகள் குறைந்து மோட்டார் வண்டிகள் வந்தபோது முதலாளி பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினார். ஆட்கள் நாங்களேதான். அப்போது கோலாலம்பூரில் மோட்டார் வண்டி உடம்பைப் பற்றித் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நின்றவர்கள் நிறைய இருந்தார்கள்.

துணிக் கூரை போட்ட திறந்த வண்டிகள் ஓடிய காலத்தில் ஒழுகுகிறது என்று எவரும் புகார் சொன்னதில்லை. மழை வந்தால் துரைகள் நனைந்தார்கள், சிரித்துக்கொண்டே நனைந்தார்கள். நாலு பக்கமும் மூடிய சலூன் வண்டி வந்தது. கூடவே அவர்களுக்குச் சளியும் வந்தது. காலணியில் ஒரு சொட்டு விழுந்தால் மறுநாள் பட்டறைக்குக் கடிதம். அந்தக் கடிதங்கள் கை மாறிக் கை மாறிக் கடைசியில் என்னிடம் வந்து சேரும். எனக்குத் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு.

என் முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் வண்டியைக் காயவிட வேண்டும். இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, கதவுகளைத் திறந்து போட்டு ஒரு நாள் முழுக்கக் கொட்டகையில் நிறுத்த வேண்டும். நனைந்த வண்டியில் நனைந்த இடத்தைத் தேடுகிறவர்களோடு நான் பேசுவதே இல்லை. பாசாரில், அதாவது சந்தையில், சவ்வரிசி மாவு மலிவு. அதை மெல்லிய துணியில் முடிந்துகொண்டு, உள்பக்கம் ஒவ்வொரு இணைப்பின் மேலும் தட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு ஓர் ஆள் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார, இன்னோர் ஆள் வெளியே பூவாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழிருந்து மேலே. தரையோரம் முதலில், அடுத்துக் கதவு, அடுத்துக் கண்ணாடி, கூரை கடைசியில். மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும். எது வாசல் என்று தெரியாது. தண்ணீர் பட்ட மாவில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அது நுழைந்த இடத்தில் கொண்டுபோய் விடும். பெரும்பாலும் அது சொட்டுகிற இடத்திலிருந்து நாலு முழம் தள்ளி இருக்கும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் செய்த வேலைகளை நிறையப் பார்த்தாயிற்று. செராஸ் பக்கம் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், வண்டியை அனுப்பினார். பின் இருக்கையின் காலடியில் எப்போதும் தண்ணீர். வேறொரு பட்டறையில் அதற்கு ஒரு மேதை வைத்தியம் செய்திருந்தான். தேங்குகிற தண்ணீர் வெளியே போகட்டும் என்று தரைப்பலகையில் மூன்று ஓட்டை போட்டுவிட்டான். சாலையில் மழைநீர் நின்ற நாளெல்லாம் சக்கரம் வாரியடித்த தண்ணீர் அந்த மூன்று ஓட்டை வழியாகத் தவுக்கேயின் கால்சட்டைக்குள் ஏறியது. முதலில் இருந்த கோளாறு கதவடியில் சேறு அடைத்த ஒரு சிறு துவாரம். அதைக் குச்சியால் குத்திவிட்டேன். மூன்று ஓட்டைகளை அடைக்கத்தான் ஒரு பொழுது பிடித்தது.

இனி தம்பையா.

தம்பையா எங்கள் ஃபோர்மன், யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலீஷ் நன்றாக வரும். துரைகளோடு பேச ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி அவரை ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து கூட்டி வந்து எங்கள் தலைமேல் உட்கார வைத்தார். வெள்ளைக் கோட்டு, மடித்த குடை, காதில் பென்சில். காலையில் வீட்டில் பூசிய திருநீற்றைப் பட்டறை வாசலுக்கு வந்ததும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருநாளும் நேரம் தவறியதில்லை. ஒருநாளும் வண்டிக்குள் ஏறியதும் இல்லை. வண்டியை இரண்டு தடவை சுற்றி வருவார். மட்கார்டில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"எங்கை விழுகுது?"

இடத்தைக் காட்டுவோம். கூரையில் அதற்கு நேர் மேலே நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். "இதிலை பட்டி பூசும். தண்ணி மேலையிருந்துதானே வரும். கீழையிருந்து ஏறியே வரப்போகுது?"

பட்டி என்றால் வெள்ளை ஈயமும் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்த களிம்பு. உலகத்தில் எங்கெல்லாம் இரண்டு பொருள் சேர்கிறதோ அங்கெல்லாம் பட்டி பூச வேண்டும் என்பது தம்பையாவின் வேதம். பூசி முடித்ததும் பேரேட்டில் தேதி போட்டு, 'கவனிக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் எழுதுவார். அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அச்சு தோற்றுவிடும். வண்டி ஒரு வாரத்தில் திரும்பி வரும்; அதே அழகோடு மறுபடியும் எழுதுவார்.

மனிதர் கெட்டவர் இல்லை. என் மனைவி காய்ச்சலாகக் கிடந்தபோது ஒரு டின் பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்து, வாசற்படியிலேயே நின்று, எனக்கு நான்கு நாள் லீவு என்று சொல்லிவிட்டுப் போனவர். இதை எழுதாமல் விட்டால் எனக்கே உறுத்தும். ஆனால் பிஸ்கட்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. அவர் பூசச் சொன்ன வட்டங்களைப் பூசிவிட்டு, அவர் தலை மறைந்ததும் உண்மையான வாசலை அடைத்து, பேரும் புகழும் அந்தப் பேரேட்டுக்குப் போவதைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, துரை முன்னால் அவர் மூக்கை உடைக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன் என்பதை மறைப்பானேன்.

அப்படித்தான் காப்பார் வண்டி வந்தது.

காப்பாரில் ஒரு ரப்பர் தோட்டத்து மானேஜர் துரையின் வண்டி. கூரையில் இழுத்துத் திறக்கும் கதவு வைத்த சலூன். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், வெயில் வருவதற்கென்று கூரையில் கதவு வைத்த வண்டியைக் கடல் தாண்டி வரவழைத்தவரின் புத்தியை என்ன சொல்வது. வாங்கிய பிறகு அவர் அதைத் திறந்ததும் இல்லை. வண்டியை ஓட்டியவன் வீராசாமி. டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடித்தனம்.

பின் இருக்கையில் துரைசானி உட்காரும் இடத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று வண்டி முதல் முறை வந்தது. தம்பையா வட்டம் போட்டார், பூசினோம். இரண்டாம் முறை வந்தது, பெரிய வட்டம் போட்டார். மூன்றாம் முறை பின்கூரை முழுவதும் பூசி, பட்டறைத் தரையில் நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் அடித்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. துரைக்கு அவசரம், பட்டி காயுமுன்பே அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தம்பையா பேரேட்டில் புதிதாக ஒன்று எழுதினார்: 'வண்டியில் குற்றமில்லை.'

அந்த வரி வீராசாமியின் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. வண்டி நாலாம் முறையும் ஒழுகியது. துரை யோசித்துப் பார்த்தார். மழையில் எத்தனையோ இடம் போகிறார்கள்; துரைசானி கிள்ளானில் கிளப்புக்குப் போகிற நாளில் மட்டும்தான் இருக்கை நனைகிறது. அந்த நாளில்தான் வீராசாமி இரண்டு மூன்று மணி நேரம் வண்டியில் தனியாக இருக்கிறான். பட்டறையே வண்டியில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியானால் டிரைவர் கூரையைத் திறந்து போட்டுக் காற்று வாங்கிக்கொண்டு தூங்குகிறான், மழை வந்த பிறகு மூடுகிறான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைப் பட்டறையில் இறக்கிவிட்டுத் துரை தோட்டத் தமிழில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நாளை ரெண்டு மணி வரும். வண்டியில தப்பு இல்ல சொன்னா, வீராசாமி வேலை இல்ல."

தம்பையா தலையை ஆட்டினார்.

ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கெட்ட பெயரோடு விலக்கப்பட்ட டிரைவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? துரை போன பிறகு வீராசாமி என்னிடம் வந்தான். "அண்ணே, சத்தியமா நான் கூரையத் தொட்டதே இல்ல. ஊருக்குப் போடான்னா நான் எந்த ஊருக்குப் போறது? எங்கப்பா ஊரு பேரே எனக்குச் சரியாத் தெரியாது. என் பிள்ளைங்க கப்பலக்கூடப் பாத்ததில்ல."

"நீ திறக்கல. தண்ணி தானா வருது. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள அந்த ஆளு மூஞ்சில அத எடுத்துக் காட்டுறேன்," என்றேன். அந்த ஆள் என்றது தம்பையாவை. வீராசாமிக்காகச் சொன்னதில் பாதி எனக்காகச் சொன்னது.

வெள்ளி முழுக்க வண்டியைக் காயவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். தம்பையா குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குச் சோறுண்ணப் போனார். பட்டறையில் நானும் வீராசாமியும் மட்டும். நான் அவனிடம் தம்பையா ஒருநாளும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"கிளப்புல வண்டிய எந்த இடத்துல நிறுத்துவே?"

"ஆத்தப் பாத்த மாதிரி சரிவுலண்ணே. முன் சக்கரம் பள்ளத்துல நிக்கும். இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்கும்."

எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது. இழுப்புக் கதவைச் சுற்றி ஒரு தகரக் கால்வாய் இருக்கும். கதவின் ஓரத்தில் இறங்குகிற மழைநீர் அதில் விழும். அதன் நாலு மூலையிலும் நாலு சிறு குழாய். அவை கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே இறங்கித் தண்ணீரைத் தெருவில் விடும். ஒரு குழாய் அடைத்திருந்தாலும் சமமான தரையில் மற்றவை பார்த்துக்கொள்ளும். பட்டறைத் தரை சமமானது. தம்பையா எத்தனை குழாயைத் திறந்துவிட்டாலும் அங்கே சொட்டாது.

பின் அச்சை ஜாக்கியால் தூக்கினோம். பின் சக்கரங்களின் கீழே பலகைகளை அடுக்கினோம், வலப்பக்கம் இரண்டு பலகை அதிகமாக. வண்டி கிளப்பு வாசலில் நிற்பது போலத் தலை கவிழ்ந்து இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கூரை ஓரத்தில் மாவு தட்டினேன். வீராசாமியை உள்ளே உட்காரச் சொன்னேன்.

"துரைசானி சீட்டுலயாண்ணே?"

"பின்ன, அந்தம்மாவையா கூப்பிட முடியும்? உக்காரு."

வீராசாமி அந்த மெத்தையின் நுனியில், அடிபடப் போகிறவன் மாதிரி உட்கார்ந்தான். அத்தனை வருடம் ஓட்டிய வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். நான் கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாக ஊற்றிக்கொண்டு வந்தேன். கதவில் ஒன்றுமில்லை, கண்ணாடியில் ஒன்றுமில்லை. கூரையில் மூன்று பூவாளி ஊற்றினேன். இடது முன்மூலையில் மாவில் ஒரு கோடு விழுந்து, கூரையின் உள்துணிக்குப் பின்னால் மறைந்தது. சொட்டு மட்டும் இல்லை. ஜாக்கியைப் போட்டுப் பலகைகளை உருவி வண்டியை மெல்லச் சமமாக இறக்கினேன். உள்துணிக்கு மேலே தேங்கியிருந்த தண்ணீர் பின்னால் ஓடி வந்து, வீராசாமியின் மடியில் கொட்டியது.

முன்மூலையில் நுழைந்து, துணிக்குள்ளே ஒளிந்திருந்து, கிளப்பை விட்டுக் கிளம்பி மேடேறும்போது துரைசானி மடியில் விழுந்த தண்ணீர். அதற்குத்தான் பின்கூரை முழுவதும் பட்டி. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நனைந்த வேட்டியோடு வீராசாமியும் சிரித்தான்.

கூரைக் கதவை இழுத்துத் திறந்தேன். மூலையில் குழாயின் வாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய பிரம்பை வளைத்து, குழாய் கிழியாமல் தூக்கி எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கட்டி தட்டிப்போன திருநீறு, கறுத்துப்போன நாலு வேப்பிலை.

வீராசாமி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"அது நான் வச்சதுண்ணே."

ஆயுத பூசைக்கு அவன் வண்டியின் முன்மூடியில் சந்தனம் வைத்திருக்கிறான். துரை பார்த்துவிட்டு, அவனையே மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வைத்து, இனிமேல் இந்தக் குப்பையை என் வண்டியில் பார்த்தால் தொலைந்தாய் என்று சொல்லியிருக்கிறார். "பூசை போடாத வண்டிய எப்படிண்ணே ஓட்டுறது? சக்கரம் ஓடுற பொருளாச்சே. துரை கண்ணுல படாத இடம் எதுன்னு பாத்தேன். அந்தக் கதவ அவரு திறக்கறதே இல்ல. மறுநாள் விடியறதுக்குள்ள அந்த மூலையில வச்சு மூடிட்டேன். குழாய் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அவனைத் திட்டத் தோன்றியது. திட்டவும் செய்தேன். ஆனால் எங்கள் பட்டறையில் அதே ஆயுத பூசைக்கு உளி, சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டவன் நான். திட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

கடிகாரம் ஒன்றேகாலைத் தாண்டியிருந்தது. என் கையில் இருந்த அந்த முடிச்சு எத்தனை வருடமாக நான் கேட்ட வரம். தம்பையாவின் வட்டங்களும், குற்றமில்லை என்ற அந்த முத்தான எழுத்தும் துரை முன்னால் நாறிப்போக இது ஒன்று போதும். ஆனால் இதைக் காட்டினால் வீராசாமிக்கு அந்த மணி நேரத்திலேயே சீட்டு கிழியும். இலை அடைத்தது என்று பொய் சொல்லலாமா? வண்டியைத் துடைப்பது டிரைவர் வேலை. இலை என்றாலும் பழி அவன் தலையில்தான். அதோடு, குற்றமில்லை என்று எழுதிவிட்ட தம்பையா விடமாட்டார். காட்டு, எங்கே இலை, எந்தக் குழாய் என்று ஆயிரம் கேட்பார். துரை நம்ப வேண்டும், தம்பையாவும் எதிர்க்கக் கூடாது. அப்படிப்பட்ட பொய் ஒன்றுதான் இருந்தது. அது என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இருக்கையைத் துடைத்து வெயிலில் போட்டோம். மஞ்சள் முடிச்சை என் மடியில் செருகிக்கொண்டேன். தம்பையா வந்தார், திருநீறு துடைத்த நெற்றியோடு. பின்னாலேயே துரையும் வந்தார்.

"என்ன அரங்கசாமி, கண்டீரோ ஏதும்?" என்றார் தம்பையா. நான் வீராசாமிக்குச் சொன்ன வீறாப்பு அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. குரலில் நக்கல் இருந்தது.

"கண்டேன் ஐயா," என்றேன். "வண்டிலதான் தப்பு. கூரை ஒழுகத்தான் செஞ்சிருக்கு. நீங்க பூசச் சொன்ன பட்டி சரியான பட்டி. ஆனா மழைக்காலத்துல அது காய மூணு நாளாச்சும் வேணும். தொரை அன்னிக்கே எடுத்துட்டுப் போய்ட்டாரு. ஈரப் பட்டியில மழை பட்டு உள்ள இறங்கிருக்கு. இப்ப நல்லாக் காஞ்சிருச்சு. இனிமே ஒழுகாது."

தம்பையா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருடைய பட்டியை நான் புகழ்ந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு துரை பக்கம் திரும்பி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேசினார். எனக்குப் புரிந்த வரையில் பட்டியின் குணம் பற்றியும் பொறுமையின் அவசியம் பற்றியும் பேசினார். அவசரப்பட்டது தாம்தான் என்பதால் துரையின் முகம் சிவந்தது. கடைசியில் வீராசாமியைப் பார்த்து, "வண்டி எடு," என்றார்.

அவ்வளவுதான். அவன் வேலை பிழைத்தது.

எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டபடியால் அந்த வண்டி அப்புறம் ஒழுகவில்லை. அது ஒழுகாத ஒவ்வொரு மழைக்கும் தம்பையா ஓர் அங்குலம் உயர்ந்தார். சட்டமே போட்டார்: எந்த வண்டி வந்தாலும் முதலில் எல்லா இணைப்புக்கும் பட்டி, பிறகு மூன்று நாள் காயவிட வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு அதைப் பாடமாகச் சொன்னார். "காப்பார் வண்டியைக் கேட்டுப் பாரும், அரங்கசாமியே சாட்சி," என்பார். நானே சாட்சி. அவர் ஓய்வு பெற்ற அன்று தேநீர் விருந்தில் முதலாளி காப்பார் வண்டியைப் பற்றித்தான் பேசினார். மாலை போடச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். போட்டேன்.

சொல்லிவிடலாமே என்று நாக்கு துடித்த நாட்கள் உண்டு. வீராசாமி அதே துரையிடம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆகவே பட்டறையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் பட்டி பூசினேன்.

இப்போது அந்தத் துரை பங்களாவைக் காலி செய்து கப்பலேறிவிட்டார். வீராசாமி கிள்ளானில் பழைய வண்டி ஒன்றை வாங்கி டாக்சி ஓட்டுகிறான். பட்டறையிலிருந்து அந்த இருவர் வந்துபோன மறு வாரம் ஒரு மத்தியானம், நல்ல மழையில், அவன் டாக்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. இரும்புக் கூரை வண்டி. இறங்கியவனின் செருப்பில் தண்ணீர் சளக் சளக் என்றது.

"காலடி முழுக்கக் குளமா நிக்குதுண்ணே. உங்க பட்டறையிலதான் போன வாரம் விட்டேன். மூணு நாள் வச்சிருந்து குடுத்தாங்க. முன்னாடியாச்சும் சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சு."

முன் கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன். காற்று வருவதற்கென்று அங்கே ஒரு சிறு மூடி உண்டு. அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டியில் விழும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய். மூடியைச் சுற்றி விரல் கனத்துக்குப் பட்டி அப்பியிருந்தது. அப்பிய வேகத்தில் ஒரு கட்டி உள்ளே விழுந்து குழாயின் வாயைக் கச்சிதமாக அடைத்திருந்தது. மூன்று நாள் காய்ந்த பட்டி. கல்லாக இருந்தது. உளி கொண்டுவந்து சுரண்டத் தொடங்கினேன். ஸ்டியரிங் தண்டில் ஒரு மஞ்சள் துணி, யாருக்கும் பயப்படாமல், எல்லாரும் பார்க்கக் கட்டியிருந்தது.

"அவங்க என்கிட்டயே அந்தக் காப்பார் வண்டி கதையச் சொன்னாங்கண்ணே," என்றான் வீராசாமி, எனக்குக் குடை பிடித்துக்கொண்டு. "பட்டியில ஒழுகல் நின்ன வண்டியாம். அந்த டிரைவரே நான்தாண்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. இப்ப யாரு உன்ன வேலைய விட்டுத் தூக்கப் போறா?"

"சொன்னா நீங்க பொய் சொன்ன ஆளா ஆயிடுவீங்களேண்ணே."

பட்டி பெயர்ந்தது. பெட்டியில் நின்ற தண்ணீரெல்லாம் குழாய் வழியாக இறங்கி என் காலை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. வீராசாமியிடம், இதையெல்லாம் எழுதப் போகிறேன், உன் பெயரையும் போடுவேன் என்றேன். போடுங்கண்ணே என்றான்.

ஆகவே சுவரில் மாட்டக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். காப்பார் வண்டியைப் பட்டி காப்பாற்றவில்லை. மூன்று நாள் காயவிட்டதும் காப்பாற்றவில்லை. அந்த முறைக்குத் தம்பையாவின் பெயரை வைத்துத் தலைப்புப் போடாதீர்கள். அவர் செய்தது பூசச் சொன்னது மட்டும்தான். பூசினால் ஒழுகல் நிற்கும் என்று துரை முன்னால் சாட்சி சொன்னது நான்.